தைலம்மாள் நிறுத்திய பக்கம்

சிதம்பரத்து மத்தியான வெயில் புதுக் கணினித் திரையில் பளபளக்கிறது. பழையதிலிருந்து மின்னூல்கள் வந்து இறங்கிவிட்டன. அத்தனையையும் அச்சடிப்பதென்றால் பிச்சாவரம் காட்டையே வெட்டினாலும் காகிதம் போதாது. "முடிஞ்சிது மாமா. பழசை அழிச்சிடவா?" என்கிறான் கடலூரிலிருந்து வந்திருக்கும் மச்சான் ராஜவேல். பொன்னுரங்கம் புதியதில் ஒரு நாவலைத் திறக்கிறார். அட்டை வருகிறது. இன்னொன்றைத் திறக்கிறார். அதற்கும் அட்டைதான். போன தையில் கண்மூடிய அவர் மனைவி தைலம்மாள், நத்தையே கொட்டாவி விடும் வேகத்தில் படித்து நிறுத்திய பக்கத்தில் எதுவுமே திறக்கவில்லை. அவருக்கு அழுகைகூட வரவில்லை. "எல்லா புக்கும் வந்துடுச்சே மாமா." "உங்க அக்கா எங்க நிறுத்துனாங்கறது வரலியே மச்சான்." பழையதை அழிக்கப் போன ராஜவேலின் விரல் அப்படியே நிற்கிறது. பொன்னுரங்கம் பழைய கணினியைத் தன் பக்கம் இழுத்து, சார்ஜரைச் சொருகுகிறார்.