பிரேக்குக்கு ஊற்றிய எண்ணெய்

ஒரு மோட்டார் சைக்கிளின் முன்பிரேக், பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சிட்டது. தூசியைத் துடைத்தால் போய்விடும் சத்தம்தான். ஆனாலும் முன்சக்கரத்துக்கு மானம் போயிற்று.

“நீயும் எண்ணெய் போட்டுக்கோயேன். செயின் எவ்வளவு அமைதியா இருக்கு, பாரு!” என்றது சக்கரம்.

பிரேக்குக்குச் சந்தேகம் வந்தது. “திடீர்னு என்மேல என்ன இவ்வளவு அக்கறை? நான் உன்னைப் பிடிக்கக் கூடாதுன்னுதானே?”

“சேச்சே! உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

வண்டிக்காரர் இருளப்பனும் சத்தம் பொறுக்காமல் அன்றே பிரேக்கில் எண்ணெயை ஊற்றினார். சத்தம் நின்றது.

மறுநாள் ஓர் இறக்கத்தில் ஆடு குறுக்கே வந்தது. இருளப்பன் பிரேக்கை அழுத்தினார். பிரேக் உயிரைக் கொடுத்துப் பற்றியும் பிடி வழுக்கியது. அவர் வண்டியை ஒடித்துத் திருப்ப, ஆடு தப்பியது. வண்டி வேலிக்கல்லில் மோதியது. இருளப்பன் சிராய்ப்போடு எழுந்தார்.

கோணிப்போன சக்கரம் பிரேக்கை முறைத்தது. “வேணும்னுதானே என்னை விட்டே?”