ஒரே பெட்டியில் நாலு குடித்தனம்

"ஒரே பெட்டிக்குள்ள நாலு கம்ப்யூட்டர் ஓடணும் பாய். ஆனா ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் காசு கீது" என்றாள் அந்தப் பெண்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் எதிரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹனீப், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். கரன்ட் போயிருந்ததால் வேலை இல்லை. கரன்ட் இருந்தாலும் பெரிதாக வேலை இல்லை என்பது வேறு விஷயம். ஊரே லேப்டாப்புக்கு மாறிக்கொண்டிருந்தது.

"உக்காரும்மா. பேரு இன்னா?"

"ஜெபா" என்றபடி ஒரு சீட்டை நீட்டினாள். லினக்ஸ், விர்ச்சுவலைசேஷன் என்று அழகான கையெழுத்தில் ஒரு லிஸ்ட். ஹனீப்பின் புருவம் உயர்ந்தது.

"யாருக்கும்மா இது? அண்ணனுக்கா?"

"படிக்கிற ஒருத்தருக்கு. அடுத்த மாசம் லினக்ஸ் எக்ஸாம். ஊட்லயே நாலு சர்வர் ஓட்டிப் பழகணுமாம். நாலு கம்ப்யூட்டருக்கு எங்க போறது? அது எப்படி பாய் ஒரே பெட்டில நாலு?"

"ஒரே ஊட்ல நாலு குடித்தனம் மாதிரிதான். மொத்த ஊடும் நம்மளுதுன்னு ஒவ்வொருத்தரும் நெனைச்சுக்குவாங்க. பக்கத்து ரூம்ல ஆள் கீறதே தெரியாது."

"அப்ப ஹவுஸ் ஓனரு?"

"லினக்ஸ். வாடகையே வாங்காத ஓனரு. இந்த ஜில்லாவுலயே அவரு ஒருத்தர்தான்."

ஜெபா சிரித்தாள். ஹனீப் லிஸ்ட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"கேம் ஆடற கார்டு வேணாம், ஸ்பீக்கர் வேணாம், பழைய கேபினெட்டே போதும்... எழுதினவன் விவரமானவன்மா. ஆனா சரியான கஞ்சன்!"

"ஐயோ, ஏன் பாய்?" துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

"ராம் ரெண்டு ஜிபின்னு போட்டுக்கிறான் பாரு. நாலு குடித்தனத்துக்கு ஒரே குடம் தண்ணியா? சண்டை வராது? நாலு ஜிபி போட்டுக்கோ, அசல் வெலைக்கே தரேன். என் கடையில எல்லாமே ஸ்டாக் கீது, லாபம் மட்டும்தான் இல்ல."

ப்ராசஸரில்தான் வந்து இடித்தது. அலமாரியில் இருந்த இரண்டு சிப்பையும் எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டுலயும் அந்த விர்ச்சுவலைசேஷன் வசதி கெடையாது. வெலை கம்மியாவும் இருக்கணும், வசதியும் இருக்கணும்னா ஏ.எம்.டி.ல ஒண்ணு கீது. ரிச்சி ஸ்ட்ரீட்லயே இப்ப ஸ்டாக் இல்லையாம். பதினஞ்சு நாள் ஆவும்."

"அப்ப எக்ஸாமு?" அவள் குரல் இறங்கிவிட்டது.

ஹனீப்பின் பார்வை மேஜைப் பக்கம் போனது. அதே சிப் ஒன்று அவருடைய மேஜை டிராயரில், உறை பிரிக்காமல் கிடந்தது. அதே பரீட்சைக்கு அவரும் பணம் கட்டியிருந்தார். கடை இன்னும் ஆறு மாதம் தாங்கினால் அதிகம். பாஸ் செய்தால் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் கிடைக்கிற கடைசி ரயில்.

தனக்கென்று பொருள் வாங்கி வைப்பது அவருக்குப் புதிதல்ல. போன வருடம் வாங்கிய ராம், பள்ளிக்கூடத்து மிஷின் படுத்துவிட்டது என்று டீச்சர் வந்து நின்றதும் போய்விட்டது. ஹார்ட் டிஸ்க், கண் கலங்கிய காலேஜ் பையன் ஒருவனோடு போனது. அன்றிலிருந்து அவர் மனைவி சாயிரா பானு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

டிராயரை இழுத்தார். மூடினார்.

"அவருக்குக் குடும்பம் கீதா?"

"ரெண்டு புள்ளைங்க பாய். இந்த வேலையத்தான் நம்பிகினு கீறாங்க."

மறுபடி இழுத்தார்.

"இந்தா. சும்மாதான் தூங்கிகினு இருந்துச்சு."

"உங்களுக்குன்னு வெச்சிருந்தீங்களா பாய்?"

"எனக்கு இன்னா அவசரம்? நான் அடுத்த தபா எழுதிக்கிறேன். ரெண்டு தபா எழுதினா ரெண்டு மடங்கு அறிவு வரும்ல?"

கரன்ட் வந்தது. ஹனீப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பொருத்தி, ஓட்டிப் பார்த்தார். அந்த வசதி இருக்கிறது என்று திரை சொன்னபோது, கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்ப்பது மாதிரி ஒரு கணம் பார்த்துவிட்டு அணைத்தார்.

ஜெபா, ‘போனஸ்’ என்று எழுதியிருந்த ஒரு கவரிலிருந்து பணத்தை எண்ணி வைத்தாள்.

"தீபாவளி போனஸா? குடுத்து வெச்சவம்மா நீ. என் சம்சாரமும் சிப்காட்ல எக்ஸ்போர்ட் கம்பெனில துணி தைக்கிறா. அங்க இன்னும் போடலையாம், பேஜாருன்னு பொலம்பிகினு கீறா. சரி, பில்லு யாரு பேருக்கு?"

"பில்லு வேணாம் பாய். நைட்டு கடை மூடிட்டுப் போறப்ப நீங்களே எடுத்துனு போயிடுங்க."

"எங்க?"

"உங்க ஊட்டுக்குத்தான். நானும் சாயிரா அக்காவும் ஒரே லைன்ல தைக்கிறோம். நீங்க நோட்டுல எழுதி வெச்ச லிஸ்ட்டைத்தான் அக்கா எடுத்தாந்து காட்டினாங்க, நான் சீட்டுல காப்பி பண்ணிக்கினேன். கஞ்சன்னு திட்டினதை நான் சொல்லமாட்டேன்." ஜெபா வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "‘அந்தச் சிப்பை அந்த மனுஷன் எவனுக்காச்சும் தூக்கிக் குடுக்கறதுக்குள்ள, நீ முந்திப் போய் வாங்கிடு ஜெபா’ன்னு போனஸ் கவரைப் பிரிக்காமலே கையில குடுத்து அனுப்பினாங்க."