பாத்திரம் கழுவுகிற நினைப்பு

விளையாட்டு வகுப்பில் எல்லோருக்கும் மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். வீட்டிலும் அதைக் கழற்றக் கூடாது. மனம் கொதித்தால் பச்சைப் பட்டை சிவக்கும். பையன்களுக்குச் சிவந்தால் ஒரு புள்ளி கூடும். பெண்களுக்குச் சிவந்தால் தவறு.

கபடியில் எனக்கு இரண்டு தடவை சிவந்துவிட்டது. இன்னொரு தடவை எங்கே சிவந்தாலும் அணியில் இருக்க முடியாது.

"பாடிப் போறப்ப அடிப்பிடிச்ச பானையத் தேய்க்கிறதா நெனச்சுக்கடி," என்றாள் இன்பவல்லி அக்கா. முன்பு எங்கள் பள்ளி அணியில் அவளும் அப்படி ஆடியவள்தான். "ஒண்ணுமே தோணாது."

அரையிறுதியில் ஒருத்தி என் சடையைப் பிடித்து இழுத்தாள். நான் பானையைத் தேய்த்துக்கொண்டே கோட்டைத் தொட்டேன். ஜெயித்தோம். தோழிகள் என்னைத் தூக்கிக் குதித்தபோதும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"பச்சை மாறவே இல்ல பாருங்க! பொம்பளப்புள்ளன்னா இப்படி ஆடணும்," என்றார் பி.டி. சார்.

சாயங்காலம் அம்மா சோற்றுப்பானையை என் முன்னால் வைத்தாள். அடிப்பிடித்திருந்தது. தேய்க்கத் தொடங்கியதும் நுரைக்குள் பட்டை சிவந்தது.

"அடிப்பாவி, நாளைக்கு ஃபைனல்டி!" அம்மா பதறி என் கையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். தண்ணீரும் சிவப்பாகத் தெரிந்தது.