ஆறு புள்ளி இரண்டு எட்டு

“தப்பு கெடச்சிடுச்சு டீச்சர்!” செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான் சகாதேவன்.

அபீதகுஜாம்பாளுக்கு அது சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஒன்றரை வருஷம். எழுபத்தாறாம் வருஷம் புரட்டாசியில் ஆரம்பித்தது. மெட்ராஸில் ஆராய்ச்சி படிக்கும் கீழ்பென்னாத்தூர்க்காரன், ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து, கம்ப்யூட்டர் அச்சடித்த நீளநீளத் தாள்களோடு சன்னதித் தெருவில் அவள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறவள்.

ஓடுகிற நீரில் ஒரு உருண்டையை நிறுத்தினால் நீர் அதை எவ்வளவு விசையோடு இழுக்கும்? இதுதான் ஆராய்ச்சி. 1.09 வர வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் 0.1735 என்றே சாதித்தது.

கோயில் குருக்களான அவள் அப்பா தடுக்கவில்லை. படிப்பு விஷயம், தப்பு கிடைக்கிறவரை வரட்டும் என்று விட்டுவிட்டார். வேறெந்தக் காரணத்துக்காகவும் வேர்க்கடலை பயிர் போடுகிற குடியானவர் வீட்டுப் பையன் அந்தக் கூடத்தில் கால் மணி நேரம்கூட உட்கார முடியாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

சகாதேவன் தாளை விரித்தான். உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நீர் ஒரே மாதிரி ஓடுவதால், பூசணியில் ஒரு கீற்றை அறுப்பதுபோல ஒரு ரேடியன் அகலத் துண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறது கம்ப்யூட்டர். முழு உருண்டைக்கு அதை 2π-யால், அதாவது 6.28-ஆல் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

பெருக்கிக் காட்டினான். 1.09 வந்து நின்றது.

இனி எதற்கு வருவான்?

அழுகை தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கப் போய், இத்தனை நாள் விழுங்கி வைத்திருந்த வேறொன்று வெளியே வந்துவிட்டது.

“எனக்கு மொத நாளே தெரியும்.” தாளைப் பார்த்தபடியே சொன்னாள். “சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்களேன்னுதான்...”

கோபப்படுவான் என்று நினைத்தாள். ஒன்றரை வருஷத்தை வீணாக்கியிருக்கிறாளே, நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“எனக்கும் தெரியும் டீச்சர்,” என்றான் சகாதேவன். “தெரிஞ்சிதான் மொத நாளே எடுத்துக்கினு வந்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. இரண்டு படித்த முட்டாள்கள், எட்டாம் வகுப்புப் பெருக்கலை ஒன்றரை வருஷமாக ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்து விளையாடியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அப்பா, தெரு, ஊர் எதுவுமே அவள் நினைப்பில் இல்லை.

அப்புறம்தான் தோன்றியது. அப்படியென்றால் இன்றைக்கு ஏன் சொன்னான்?

கேட்டே விட்டாள்.

அவன் பைக்குள் கையை விட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு உறையை எடுத்து 1.09-க்குப் பக்கத்தில் வைத்தான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எதிரே அவன் எழுதியதெல்லாம் எண்கள்தான். உறைமேல் அவன் கையெழுத்தில் தன் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.