மகளின் படிப்புக்காக

"கண்டியா, கொழும்பா?"

மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் இந்திரகுமாரின் வீட்டில் மூன்று வாரமாக இதே கேள்விதான். மகள் துஷாந்தினி ஓ.எல். பரீட்சையில் ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்துவிட்டாள். அடுத்து ஏ.எல். படித்து டாக்டராக வேண்டும் என்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னும் மாத்தளையிலேயே இருந்தால் ஊர் என்ன நினைக்கும்?

"கொழும்புதாங்க," என்றாள் மனைவி நிரஞ்சனி. "பெரிய பெரிய டியூஷன் மாஸ்டர்மாரெல்லாம் அங்கதான் இருக்காங்க. பிள்ளைக்கு நாலு உலகம் தெரியணும்ல?"

உலகம் என்று அவள் சொன்னது கொழும்பின் வெள்ளவத்தையை. அங்கே அவளுடைய அக்கா இருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகப் புடவைக் கடைகள் இருக்கின்றன.

"கொழும்புல என்னத்தப் படிக்கிறது? சத்தமும் புகையும்!" என்றார் இந்திரகுமார். "படிப்புன்னா கண்டிதான். பேராதனையில யுனிவர்சிட்டி கெம்பஸ் இருக்கு. தெருவுக்குத் தெரு ஸ்கூல் இருக்கு. அங்க வீசுற காத்துகூட படிச்ச காத்து."

கண்டியில் காலை பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாத்தளைக்கு வந்து கடையைத் திறந்துவிடலாம். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் துஷாந்தினி.

"நீ போய்ப் படி. உனக்காகத்தானே பேசிக்கிட்டிருக்கோம்?"

நான்காவது வாரம் கண்டி ஜெயித்தது. நிரஞ்சனி சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. அக்கா வீட்டில் லிஃப்ட் இருக்கிறது, ஆகவே கண்டியிலும் லிஃப்ட் வைத்த மாடி வீடுதான் வேண்டும் என்றாள். பிள்ளை படியேறிக் களைத்துப்போனால் படிப்பு என்னாவது?

வீடும் கிடைத்தது. ஆறாம் மாடி. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் கண்டி வாவியில் ஒரு துண்டு தெரியும்.

அதற்குப் பிறகு இந்திரகுமாரைப் பிடிக்க முடியவில்லை. இரத்தோட்டையிலிருந்து மிளகு மூட்டையோடு வந்தவர்களை, மூட்டையை இறக்கக்கூட விடாமல் நிறுத்திவைத்துச் சொன்னார்.

"பிள்ளை படிப்புக்காகப் பொறந்த ஊரையே விட்டுட்டுப் போறோம். இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

கோயில் சபையில் பொன்னாடை போர்த்தினார்கள். இப்படி ஒரு தகப்பன் கிடைக்கப் பிள்ளை கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தலைவர் பேசினார். அந்தப் படத்தை 'எல்லாம் மகளுக்காக' என்று எழுதி பேஸ்புக்கில் போட்டார் இந்திரகுமார். இருநூறு லைக் விழுந்தது. மாத்தளை வீட்டை ஒரு பேங்க் மேனேஜருக்கு வாடகைக்கும் பேசிவிட்டார்.

மகளுக்குத்தான் இன்னும் வாய் திறக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், பெட்டி கட்ட ஆள் போதாமல் அவளைக் கூப்பிட்டார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அப்பா, கெம்பஸுக்கு மாவட்டத்தப் பார்த்துத்தான் எடுப்பாங்க. நாம எந்த மாவட்டத்து ஸ்கூல்ல ஏ.எல். படிக்கிறமோ, அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளிதான் நமக்கு. கண்டிக்கு அது கூடுதல். மாத்தளைக்குக் குறைவு. இங்க படிச்சா மெடிசின் கிடைக்கிற அதே மார்க்ஸுக்கு, அங்க கிடைக்காம போயிடலாம்."

"யாரு சொன்னா?"

"பக்கத்து வீட்டு ஜுனைதா டீச்சர். ரிசல்ட்ஸ் வந்த அன்னைக்கே சொன்னாங்க. அதத்தான் நானும் இவ்வளவு நாளா சொல்ல வந்தேன்."

இந்திரகுமார் கயிற்றை விட்டார். நிரஞ்சனி கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இங்கேயே இருந்துடலாம்ப்பா," என்றாள் துஷாந்தினி. "சனி, ஞாயிறுல நான் ட்ரெயின்ல கண்டிக்கு டியூஷன் போயிட்டு வந்துடுவேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே போறாங்க? எனக்கு நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்தா போதும். அம்மா இல்லாம எனக்குச் சோறுகூட இறங்காது."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இவ்வளவு நாளாக மனதில் வைத்திருந்தது.

இந்திரகுமாருக்குப் பொன்னாடை ஞாபகம் வந்தது. நிரஞ்சனிக்கு லிஃப்ட் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு வீட்டைப் படம் பிடித்து அனுப்பியாகிவிட்டதே! இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிள்ளை சொல்றது நியாயம்தான்," என்றார் இந்திரகுமார் கடைசியில். "நமக்கு அவ எதிர்காலம்தானே முக்கியம்?"

துஷாந்தினி அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்கு லொறி வந்தது.

சோபா ஏறியது. ஃபிரிஜ் ஏறியது. மகளுக்கென்று புதிதாக வாங்கிய படிக்கும் மேசையும் ஏறியது. சத்தம் கேட்டு வெளியே வந்த ஜுனைதா டீச்சர், தோளில் புத்தகப் பையும் கையில் தலையணையுமாக கேட் ஓரம் நின்று அழுதுகொண்டிருந்த துஷாந்தினியைப் பார்த்தார்.

"என்ன இது? மகள் இன்னும் ஏறல்லியா?"

"அவ மாத்தளையிலதான் படிப்பா, டீச்சர். இங்க பக்கத்துல உக்குவளையில என் அக்கா வீட்டுல விட்டுட்டுப் போறோம்," என்றார் இந்திரகுமார்.

கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போறது லேசா, டீச்சர்? ஆனா அவ படிப்புக்காக இந்தத் தியாகத்தையாவது நாங்க செய்யத்தானே வேணும்!"