ரெத்தினசிங்கின் பச்சை

அவன் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

காலி டிரெய்லர். மேலே ஒரு பைப்கூட இல்லை. கேட்டோ இரண்டு டிரெய்லர் போகிற அகலம். அதில் பின்பக்கமாக நுழைய ரெத்தினசிங் நான்காவது தடவையாக முயன்றுகொண்டிருந்தான்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போனது.

அது அப்படித்தான் போகும். அதுகூடத் தெரியாமல் ஒருவன் ஆறு வருடம் டிரெய்லர் டிரைவராக இருக்க முடியும். ஓமன் எண்ணெய் வயலில் முடியும்.

ரெத்தினசிங்கின் தலையில் மஞ்சள் தொப்பி. போன வாரம் மஸ்கட் ஆபீஸிலிருந்து வந்த மேனேஜர் கைதட்டிக்கொண்டே மாட்டிவிட்டது. சிறந்த ஓட்டுநர் என்று இரண்டு மொழியில் போட்டிருந்தது. இரண்டிலும் பொய்.

ஆபீஸ் கன்டெய்னரின் சுவரில் போர்டு. முன்பு அதில் நாற்பது பெயர்கள். எண்ணெய் விலை விழுந்த பிறகு இரண்டு.

ரெத்தினசிங், பச்சை.

அதன் கீழே அவன், மஞ்சள்.

மிச்சமிருப்பது ஒரே வண்டி. பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் மஸ்கட்டுக்குப் போகும். மேலே இருப்பவனுக்கு வண்டி. மற்றவனுக்கு ஒரு மணி பஸ், ஊருக்கு விமானம்.

நிறத்தை மனிதர்கள் போடுவதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெட்டி. டிரைவர் தன் பெயருக்குக் கொடுத்த சாவி மாதிரியான பட்டனை அதில் செருகினால்தான் வண்டி கிளம்பும். பிறகு எவ்வளவு வேகம், எங்கே பிரேக்கை ஓங்கி மிதித்தான் என்று எல்லாவற்றையும் பெட்டி குறித்துக்கொள்ளும். குறித்த அடுத்த நிமிடம் போர்டில் நிறம் மாறும்.

பெட்டிக்குப் பட்டனைத் தெரியும். முகம் தெரியாது.

விலை விழுவதற்கு முன்னால் திரும்பிய பக்கமெல்லாம் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். ஒரு பட்டனுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். பத்து முடிந்தால் பெட்டி கத்தும். உடனே சூப்பர்வைசர் குரியன் ரெத்தினசிங்கின் பட்டனைக் கொண்டுவந்து, ஓட்டிக்கொண்டிருந்த அவன் கையில் வைப்பார்.

ரெத்தினசிங் கேம்பில் கேரம் ஆடிக்கொண்டிருப்பான். டிரெய்லர் பக்கமே வர மாட்டான். ரெத்தினசிங்கை ஓமனுக்குக் கூட்டிவந்தவர் அவன் அக்கா புருஷன். கேம்பில் பெரிய ஆள்.

ஓட்டுகிற அவனோ முதல் பத்து மணி நேரம் தன் பட்டனில் பறப்பான். அங்கே கிணறு தோண்டும் ரிக் பைப்புக்காகக் காத்திருக்கும். குரியன் போனில் திட்டிக்கொண்டே இருப்பார். ஒட்டகம் குறுக்கே வரும். பிரேக். அன்றைக்கே சிவப்பு. அது மஞ்சளாகத் தேற ஒரு மாதம் ஆகும்.

அடுத்த ஆறு மணி நேரம் ரெத்தினசிங்கின் பட்டன். அதற்குள் கால் மரத்துப்போயிருக்கும். களைப்பில் மெதுவாக ஓட்டுவான்.

மெதுவாக ஓட்டியதெல்லாம் பச்சை.

ஆறு வருடம் அவன் இடுப்பு ஒடிய ஓட்டிச் சேர்த்த பச்சை, இப்போது ஒரு மஞ்சள் தொப்பிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சை தன்னுடையது என்று காலையில் குரியனிடம் சொல்லிப் பார்த்தான். குரியன் நிமிரவில்லை.

"அடுத்தவன் பட்டன்ல ஓட்டினேன்னு எழுதிக் கொடு. ஒரு மணி பஸ்ஸுக்குக்கூட உன்னை வச்சிருக்க மாட்டாங்க."

ஊரில் மாடிக்குக் கம்பி கட்டி ஏழு மாதம். கான்கிரீட் போடவில்லை. மனைவி கம்பியைப் படம் பிடித்து அனுப்புகிறாள். ஒவ்வொரு படத்திலும் துரு கொஞ்சம் கூடியிருக்கிறது. கூட ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

டிரெய்லர் கேட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பஸ் வர வேண்டிய வழியும் அதுதான்.

குரியன் வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

"மோனே, நீ ஒருதரம் எடுத்துக் கொடு. கேம்பைச் சுத்திட்டு வந்து நேரா உள்ள விடு."

காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் மலையாளத்தில் மோனே, மகனே.

"என் பட்டனா?"

"டிரிப் ஷீட் அவன் பேர்ல போட்டாச்சு. அவன் பட்டன்லயே ஓட்டு. புதுசா என்ன?"

புதுசாக ஒன்றுமில்லை.

ஏறினான். ரெத்தினசிங் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கேட்டு கொஞ்சம் சிறுசா வச்சிட்டானுவ, அண்ணாச்சி."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு அங்கே யாரும் இல்லை.

ரெத்தினசிங்கின் பட்டன் பெட்டியிலேயே இருந்தது. சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

ஒரே இழுப்பில் வண்டி கேட்டை விட்டு வெளியே வந்தது. கேம்ப் சாலை. முக்கால் கிலோமீட்டர், நூல் பிடித்த மாதிரி நேராக. முன்னால் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை. ஆள் இல்லை. ஒட்டகம்கூட இல்லை.

நாற்பது.

ஐம்பது.

அறுபதைத் தாண்டக் கூடாது. ஐம்பத்தெட்டில் முள்ளை நிறுத்தினான். அது அப்படியே நின்றது. அவனுக்கு நிற்கும்.

பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது, ரெத்தினசிங்கின் பெயரில்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். எடுத்த கால் பிரேக்குக்கு மேலே வந்தது. மிதிக்கவில்லை. அங்கேயே இருந்தது.

ரெத்தினசிங் அந்தக் காலைப் பார்த்தான்.

எதிரே கிடந்த காலிச் சாலையைப் பார்த்தான்.

மறுபடி காலைப் பார்த்தான்.

ஆறு வருடத்தில் வண்டியைப் பற்றி ரெத்தினசிங்குக்கு ஒரு விஷயமாவது புரிந்தது.

சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான்.