ஆறு இஞ்ச் பத்து

நான்காவது முறையும் அதே பிழைதான் வந்தது. மூன்று நாள் மழையைக் கூட்டும் ஃபங்ஷனைக் காணோம், லிங்க் செய்ய முடியாது.

ரஞ்சனி லேப்டாப்பை முறைத்தாள். காணோமாம். முந்தாநாள் அவளே எழுதி லைப்ரரிக் கோப்பில் வைத்தது.

மணி எட்டேகால். ஜன்னலுக்கு வெளியே கோத்தகிரியே இல்லை, மேகம்தான் இருந்தது.

போன் அடித்தது. செல்லதுரை. கீழ் கோத்தகிரியில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து, இஞ்சிலும் அதில் நூறில் ஒரு பங்கான செண்டிலும் அளவு சொல்கிறவர்.

“மூணு இஞ்ச் எண்பது செண்டு, கண்ணு. லைன் ஆளுங்க பூராம் விடியறப்பவே பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்துட்டாங்க. திரும்பி ஊட்டுக்குப் போலாமான்னு கேக்கறாங்க. பச்சையா, செவப்பா?”

“பத்து நிமிஷத்துல சொல்லிடறனுங்கண்ணா.”

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு மேலே இருக்கும் சரிவு நிற்குமா, சரியுமா என்று சொல்லத்தான் அவள் அந்தப் புரோகிராமை எழுதியிருந்தாள். மழை அளவைக் கொடுத்தால் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். நிறம் மட்டும்தான். எண்களைக் காட்டினால் குழம்புவார்கள் என்று அவள்தான் அப்படி வைத்தாள்.

ஹாஸ்கெல்லில் எழுதியது. பொருந்தாததைக் கொடுத்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும் மொழி என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுத்தாள். மழைக் கணக்கு மட்டும் அடியில், சி மொழியில் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியில் இருந்தது. இரண்டையும் ஒட்டுவது லிங்க்கரின் வேலை. அதுதான் இன்று ஒட்ட மாட்டேன் என்றது.

அம்மா சின்னம்மை டம்ளரை மேஜையில் வைத்தாள். “அந்தப் பொட்டிக்கு ஒரு சூடம் காட்டிப் பாரு புள்ள.”

“காட்டினா கீபோர்டு உருகிப் போகும்மா.”

“போகட்டும். அப்பயாச்சும் தேத்தண்ணிய ஆறாமக் குடிப்ப.”

அம்மாவுக்குப் பின்னால் சுவரில் அப்பா இருந்தார். போன நவம்பரில் மண் சரிந்தபோது லைனில் இருந்த பத்து வீட்டு ஆட்களும் மேலே ஏறிவிட்டார்கள். அப்பா பழனியாண்டி மட்டும் ஏறவில்லை. அம்மா இன்னும் அவரைத் திட்டாமல் ஒருநாளும் சாம்பிராணி போடுவதில்லை.

ரஞ்சனி லைப்ரரியைத் திறந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். ஃபங்ஷன் இருந்தது. கண்ணெதிரே இருந்தது.

அப்படியானால் லிங்க்கர் வேறு எதையோ பார்க்கிறது.

எந்தெந்தக் கோப்பைத் தொடுகிறாய், ஒன்றுவிடாமல் காட்டு என்று, புரோகிராமைக் கட்டும் பில்டை மறுபடி ஓடவிட்டாள். நூற்றுக்கணக்கில் வரிகள் ஓடின. ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

லிங்க்கர் அவளுடைய ஃபோல்டருக்கே வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு, முதல் சோதனைக்கென்று சிஸ்டம் ஃபோல்டரில் அவள் போட்டு மறந்த பழைய லைப்ரரியை எடுத்துக்கொண்டிருந்தது. பெயர் அதேதான். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் அது தேடாது.

பழையதில் புது ஃபங்ஷன் எப்படி இருக்கும்? அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பழையதை நீக்கினாள். பில்ட் முடிந்தது. மூன்று இஞ்ச் எண்பதைக் கொடுத்தாள்.

“அண்ணா, செவப்புங்க. யாரையும் எறக்கிடாதீங்க.”

“அட, வந்துருச்சா,” என்றார் செல்லதுரை. “போன வருசம் பூராம் பச்சையவே காட்டுச்சா, நீ செவப்பு லைட்டே வெக்கலையாட்டம்னு பேசிட்டு இருந்தோம் கண்ணு.”

அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

ரஞ்சனி வைக்கவில்லை. காதிலேயே பிடித்திருந்தாள்.

பழையதில் வேறு என்ன இல்லை?

எஸ்டேட்டில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மழைக்கு இஞ்ச்தான். கணக்குக்கு வேண்டியது மில்லிமீட்டர். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வரியைப் போன வருஷம் ஏப்ரலில்தான் அவள் சேர்த்தாள். தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தாள். சரியாக வந்தது. அதில் பழைய லைப்ரரி கிடையாது.

இந்த லேப்டாப்பில் இருந்தது.

அந்த வரியைச் சேர்த்த ஃபங்ஷனுக்குப் பழையதிலும் புதியதிலும் பெயர் ஒன்று. இரண்டும் வாங்குவது வெறும் எண். ஹாஸ்கெல் மறுக்கவில்லை. லிங்க்கர் மறுக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க, ஒரு பிழைச் செய்திகூட இல்லாமல், பழைய லைப்ரரி இஞ்சையெல்லாம் மில்லிமீட்டர் என்று படித்துக்கொண்டிருந்தது.

போன வருஷத்துப் பதிவேட்டைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. தேதி மனப்பாடம்.

நவம்பர் 14. ஆறு இஞ்ச் பத்து. பச்சை.

எட்டு மணிக்குப் பச்சைதான், மழை அதற்கப்புறம்தான் கொட்டியது என்று ஒரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு இஞ்ச் பத்தைப் புதியதில் கொடுத்தாள். சிவப்பு.

இன்னொரு தடவை கொடுத்தாள். சிவப்பு.

“என்ன கோளாறாம் புள்ள?”

“பழசு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. எடுத்துட்டேன்.”

அம்மா திரையின் சிவப்பைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “அன்னைக்கு இப்புடிச் செவப்பாக் காட்டியிருந்தா மட்டும் ஏறியிருப்பாராக்கும். யார் பேச்சையும் கேக்காத மனுசன்.”

டம்ளரில் ஆடை படிந்திருந்தது. ரஞ்சனி அதை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

அன்று காலை எட்டரைக்கு அப்பா அவளைப் போனில் கூப்பிட்டிருந்தார். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அரை நிமிஷப் பேச்சு. சொல்வதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

“எல்லாரும் ஏறுறாங்க பாப்பா,” என்றார். “ஒன் மிஷின் என்ன சொல்லுது?”